"ஈயமா? அது விஷமாச்சே டாக்டர்!" – செட்டிநாட்டுப் பித்தளைச் சாமான் சொல்லும் கதை

1/
போன வாரம் ஓ.பி.யில் ஒரு இளம் தம்பதி. எட்டு மாசக் குழந்தைக்குச் சளி. மருந்து எழுதி முடிச்சதும் குழந்தையின் அப்பா பெருமையா போனை எடுத்து ஒரு படம் காட்டினார். காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கின பித்தளைச் சட்டி. விளிம்பில் யாரோ ஒரு செட்டியாரின் விலாச எழுத்து வெட்டியிருக்கு.

"எவர்சில்வரை எல்லாம் ஒதுக்கிட்டோம் டாக்டர். பாப்பாவுக்குப் பால் காய்ச்சுறது இப்ப இதுலதான்."

2/
"நல்லா இருக்கு. உள்ள ஈயம் பூசியிருக்கா?"ன்னு கேட்டேன்.

ரெண்டு பேர் முகமும் மாறிடுச்சு. "ஈயமா? அது விஷமாச்சே டாக்டர்!"

இந்த ஒரு பதிலுக்குள்ள நூறு வருஷக் கதை இருக்கு. குழந்தைகள் செத்துப்போன கதையும் இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட். உங்க வீட்டுப் பரண்ல பித்தளைப் பாத்திரம் இருந்தா முழுசா படிச்சிருங்க.

3/
முதல்ல செட்டிநாட்டுக்குப் போவோம். ஒரு காலத்தில் 96 ஊர்கள் இருந்த பகுதி, இப்போ எழுபத்தி சொச்சம். கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர்னு எந்த ஊர்ப் பெரிய வீட்டுக்குப் போனாலும் பாத்திர அறைன்னு ஒண்ணு கட்டாயம் இருக்கும். அண்டா, குண்டா, தவலை, போகணி, தூக்கு, சருவச்சட்டி, அடுக்குன்னு ஒரு ஊருக்கே சமைக்கலாம்.

4/
பெண்ணுக்குச் சீர் கொடுக்கிறப்போ சாமானைப் பரப்பி வைக்கிறது அங்க வழக்கம். ஒவ்வொரு பாத்திரத்துலயும் பேர் வெட்டியிருக்கும். பர்மாத் தேக்குல தூண், ஆத்தங்குடியில் தரைக்கல், சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான்ல இருந்து எனாமல் தூக்குகள். கப்பல் போன ஊர்ல இருந்தெல்லாம் வீட்டுக்கு ஏதோ ஒண்ணு வந்திருக்கு.

5/
ஆனா கப்பல்ல வந்த முக்கியமான ஒரு பொருளை யாரும் கண்ணாடி அலமாரியில வச்சுக் காட்டுறதில்லை. வெள்ளீயம்.

1900-த்தை ஒட்டிய வருஷங்கள்ல உலகத்தின் வெள்ளீயத்தில் ஏறத்தாழ பாதி மலாயாவில் இருந்துதான் வந்தது. பேராக், ஈப்போ, தைப்பிங் பக்கம் சுரங்கங்கள். அதே மலாயாவில்தான் நகரத்தார் கிட்டங்கி வச்சு வட்டிக்கடை நடத்தினாங்க.

6/
அந்த வெள்ளீயம் இல்லாம செட்டிநாட்டுச் சமையலறை ஒரு நாள்கூட ஓடியிருக்காது. ஏன்னு புரிய, உங்க வீட்டுலயே ஒரு சோதனை செஞ்சு பாருங்க.

கறுத்துப்போன பித்தளைக் குத்துவிளக்கு ஒண்ணை எடுங்க. புளியைக் கரைச்சுத் தேயுங்க. ரெண்டே நிமிஷத்துல பளபளன்னு ஆயிடும். அந்தக் கறுப்பு எங்க போச்சு?

7/
புளியில் இருக்கிற அமிலம், பித்தளை மேல் படிஞ்ச தாமிர ஆக்சைடைக் கரைச்சு எடுத்துருச்சு. பித்தளைங்கிறது தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. வெளிப்பக்கம் துலக்கினா, கரைஞ்ச தாமிரம் கழுவுற தண்ணியோட சாக்கடைக்குப் போயிடும்.

அதே புளி பாத்திரத்துக்கு உள்பக்கம், அடுப்புச் சூட்டில், அரை மணி நேரம் கொதிச்சா?

தாமிரம் போறதுக்கு வேற இடம் இல்லை. குழம்புலதான் இருக்கும்.

8/
இப்ப செட்டிநாட்டுச் சாப்பாட்டை நினைச்சுப் பாருங்க. காரக்குழம்பு, வெண்டைக்காய் மண்டி, ரசம். பாதிக்கு மேல புளிப்பு. இதையெல்லாம் வெறும் பித்தளையில் வச்சா நாக்குலயே தெரிஞ்சிடும். ஒரு மாதிரி உலோக ருசி, குமட்டல், வாந்தி. நம்ம பாட்டிமார்கள் இதுக்கு வச்ச பேர்: "களிம்பு ஏறிப்போச்சு."

அதைத் தடுக்கத்தான் உள்பக்கம் வெள்ளீயப் பூச்சு.

9/
இன்னிக்கு ஐம்பது வயசைத் தாண்டின யாருக்கும் அந்தக் குரல் மறந்திருக்காது. "ஈயம் பூசறதூ... பாத்திரத்துக்கு ஈயம் பூசறதூ..."

தெருமுனையில் சின்னக் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தி வச்சு ஊதுவாங்க. பாத்திரத்தை மணலோ அமிலமோ போட்டுத் தேச்சு, சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவினதும் குப்புன்னு வெள்ளைப் புகை. வெள்ளீயக் குச்சியை ஒரு தொடு. துணியாலயோ பஞ்சாலயோ ஒரு சுத்து. கண்ணெதிர்ல மஞ்சள் பாத்திரம் உள்ளே வெள்ளி மாதிரி ஆயிடும்.

வேடிக்கை பார்த்த நம்ம எல்லாருக்கும் அது மந்திரவித்தை. உண்மையில் சுத்தமான வேதியியல். நவச்சாரம்னா அமோனியம் குளோரைடு. அது மேல இருக்கிற ஆக்சைடை நீக்கினாத்தான் வெள்ளீயம் உலோகத்தோட ஒட்டும்.

10/
இதுல இன்னொரு அழகும் இருக்கு. தாமிரமும் வெள்ளீயமும் ஒட்டி இருக்கிற இடத்தில் சின்னதா கீறல் விழுந்து, அங்க புளித்தண்ணி பட்டா, முதல்ல கரையறது வெள்ளீயம். தன்னைக் கரைச்சுக்கிட்டு தாமிரத்தைக் கொஞ்ச காலம் காப்பாத்தும். உடம்பு வெள்ளீயத்தை ரொம்பக் கொஞ்சமாத்தான் உறிஞ்சும், அதனால பெரிய கெடுதல் இல்லை.

ஆனா காப்பாத்திக்கிட்டே அது தேஞ்சுபோகும். அதனாலதான் திரும்பத் திரும்பப் பூசணும்.

11/
உலோகமும் திரவமும் சந்திக்கிற இந்த வித்தைக்கு மின்வேதியியல்னு பேர். இந்தியாவில் அதுக்குன்னே இருக்கிற தேசிய ஆய்வகம் எங்க இருக்கு தெரியுமா? காரைக்குடியில்! நம்ம சிக்ரி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

உலோக அரிப்பை ஆராயுற ஆய்வகம் ஒரு பக்கம். அந்த அரிப்பைக் கரியும் துருத்தியும் வச்சுத் தடுத்த தெருத் தொழிலாளி இன்னொரு பக்கம். ஒரே ஊர்ல.

12/
சரி, இதுல விஷம் எங்க வந்துச்சு?

தமிழ்ல "ஈயம்"னு ஒரே சொல்லுக்குள்ள ரெண்டு உலோகம் ஒளிஞ்சிருக்கு. வெள்ளீயம் ஒண்ணு, காரீயம் இன்னொண்ணு. அண்ணன் தம்பி மாதிரி பேர், ஆனா குணத்துல சம்பந்தமே இல்லை.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸ்ல உருகும். உடம்புக்குப் பெரிய தொல்லை தராது.
காரீயம் 327 டிகிரியில் உருகும். மூளைக்கும் நரம்புக்கும் நேரடி விஷம்.

13/
காரீயம் குழந்தைகளோட அறிவுத்திறனைக் குறைக்கும், ரத்தசோகை கொண்டுவரும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். "இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை"ன்னு சொல்ல ஒரு பாதுகாப்பான அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பண்டைய ரோமில் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி இனிப்புக்குச் சேர்த்தாங்க. புளிப்பும் காரீயமும் சேர்ந்தா என்ன ஆகும்னு இப்ப உங்களுக்கே தெரியும்.

14/
பித்தலாட்டம் எங்க நடக்கும்னா, வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. பூசுறப்போ காரீயத்தைக் கலந்துட்டா பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ரசம் வைக்கிற ஈயச்சொம்புலயும் இதே ஆபத்து.

ஆக அந்தத் தம்பதி சொன்னதில் பாதி சரி. ஒரு ஈயம் விஷம்தான். ஆனா அந்த பயத்துல, காப்பாத்துற ஈயத்தையும் சேர்த்து விட்டுட்டாங்க.

15/
இனி கொஞ்சம் கனமான பகுதி.

1887-ல் கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர் குழந்தைகளுக்கு வரும் ஒரு கல்லீரல் நோயைப் பற்றி எழுதினார். ஆறு மாசத்துல இருந்து மூணு, நாலு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகள். வயிறு ஊதும். கல்லீரல் கல்லு மாதிரி கெட்டியாகும். காமாலை வரும். பெரும்பாலான குழந்தைகள் சில மாசங்கள்ல இறந்துபோயிடுவாங்க.

பிற்காலத்தில் இதற்கு வைத்த பேரே "இந்தியக் குழந்தைப்பருவக் கல்லீரல் சுருக்கம்". நம்ம நாட்டுப் பேரிலேயே ஒரு நோய்!

16/
தமிழ்நாட்டுலயும் இது இருந்தது. பழைய பத்திரிகைகளைப் புரட்டினா "ஜம்மி லிவர் க்யூர்" விளம்பரம் கண்ணுல படும். குழந்தைகளோட ஈரல் நோய்க்கு மருந்து விளம்பரம் தேவைப்படுற அளவுக்கு அது வீட்டுக்கு வீடு தெரிஞ்ச பயமா இருந்தது.

இன்னும் கொடுமை, ஒரே வீட்டுல அடுத்தடுத்த குழந்தைகளுக்கு வரும். அப்ப ஊர் என்ன பேசியிருக்கும்? "குடும்ப சாபம்", "அவ வயித்துல பிறந்தா தங்காது". பழி முழுக்க அம்மா தலையில.

17/
ஏறக்குறைய நூறு வருஷம் கழிச்சுத்தான் முடிச்சு அவிழ ஆரம்பிச்சது. புனேயில் மருத்துவர்கள் பண்டிட், பவே, இங்கிலாந்தைச் சேர்ந்த டானர் ஆகியோர் குழு இந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ஞ்சது. கல்லீரல்ல தாமிரம் மலைமாதிரி குவிஞ்சிருக்கு. எங்கிருந்து வருது?

18/
பால்!

தண்ணியை விட பால் தாமிரத்தைப் பல மடங்கு இழுத்துக்கும். பால்ல இருக்கிற கேசீன் புரதம் தாமிரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். ஈயம் பூசாத, அல்லது பூச்சு தேஞ்சுபோன பித்தளை, தாமிரப் பாத்திரத்துல பாலைக் காய்ச்சி, அதுலயே மணிக்கணக்கா வச்சு, பிறந்த சில வாரங்கள்லயே புட்டிப்பாலா கொடுத்த வீடுகள்ல நோய் வந்தது. தாய்ப்பால் மட்டும் குடிச்ச காலத்துல அந்தத் தொல்லை இல்லை. தாய்ப்பால் எந்தச் சட்டியிலயும் காய்ச்சப்படுறதில்லையே!

1983-ல் லான்செட் மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

19/
"பெரியவங்களும் அதே பாலைத்தானே குடிச்சாங்க?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி.

உபரித் தாமிரத்தைப் பித்தநீர் வழியா வெளியேத்துறது கல்லீரலோட வேலை. பெரியவங்க கல்லீரல் அதைச் சமாளிக்கும். பிறந்த குழந்தையோட கல்லீரலுக்கு அந்தத் திறமை இன்னும் முழுசா வந்திருக்காது. அதோட, குழந்தைக்குப் பால் மட்டும்தான் சாப்பாடு. சில குழந்தைகளுக்கு மரபணு ரீதியா கூடுதல் பலவீனமும் இருந்திருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அதனாலதான் பித்தளை இருந்த எல்லா வீட்டுலயும் நோய் வரலை.

20/
இது இந்தியாவுக்கு மட்டுமான கதையும் இல்லை. ஆஸ்திரியாவின் டைரோல் மலைப்பகுதியில் 1900-க்கும் 1974-க்கும் இடையில் 138 குழந்தைகள் இதே மாதிரி நோயில் இறந்திருக்காங்க. 1996-ல் வெளிவந்த ஆய்வு அதன் காரணத்தைச் சொன்னது. வெள்ளீயம் பூசாத தாமிரப் பாத்திரத்துல காய்ச்சின பசும்பால்!

அந்தப் பாத்திரங்கள் வீட்டை விட்டுப் போனதும் நோயும் போயிடுச்சு.

21/
நம்ம ஊர்லயும் அதுதான் நடந்தது. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கின துருப்பிடிக்காத எஃகு, நம்ம ஊர்ல "எவர்சில்வர்"னு பேர் வாங்கி வீடு வீடா நுழைஞ்சது. பித்தளை பரணுக்குப் போச்சு. தாய்ப்பாலைப் பத்தின விழிப்புணர்வும் கூடுச்சு. 1990-களுக்குள்ள அந்த நோய் கிட்டத்தட்ட காணாமலே போச்சு. இப்ப படிக்கிற மருத்துவ மாணவர்கள் பெரும்பாலும் அதைப் புத்தகத்துல மட்டும்தான் பார்க்கிறாங்க.

அந்த அம்மாக்கள்கிட்ட "தப்பு உன் வயித்துல இல்லம்மா, சட்டியிலதான் இருந்துச்சு"ன்னு யாராவது போய்ச் சொல்லியிருப்பாங்களா? தெரியாது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

22/
இப்ப பாருங்க. செட்டிநாட்டுக் குடும்பங்களுக்குப் பர்மாவுல 1942-ல் ஜப்பான் படையெடுப்போட பெரிய அடி. அப்புறம் வந்த நில தேசியமயமாக்கல் அடுத்த அடி. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போனாங்க. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொண்ணா விலைக்கு வந்துச்சு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல வரிசையா பழம்பொருள் கடைகள். சுத்திப் பார்க்கவே அருமையான இடம். நானே அங்க மணிக்கணக்கா நின்னிருக்கேன்.

23/
அங்க வாங்குற பாத்திரம் அழகா நம்ம வீட்டுக்கு வந்துடுது. ஆனா அதைப் பயன்படுத்துற முறை கூடவே வரலை. அந்த ஆச்சிகளுக்குத் தெரியும், எதுல பால் காய்ச்சணும், எதுல புளி கரைக்கக் கூடாது, ஊறுகாய்க்கு ஏன் மங்குச்சாடி, எப்ப ஈயம் பூசுறவரைக் கூப்பிடணும்னு. நாம பாத்திரத்தை மட்டும் வாங்கிட்டு, "பாரம்பரியம்"னு பேர் வச்சுட்டோம்.

அப்ப ஈயம் பூசினதும் பாரம்பரியம்தானே?

24/
சட்டமும் இதைச் சொல்லுது. சரியா ஈயம் பூசாத தாமிர, பித்தளைப் பாத்திரத்தில் தயாரிச்ச உணவு மனிதர் உண்ணத் தகுதியற்றது. பழைய உணவுக் கலப்படத் தடை விதிகள்லயும், 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள்லயும் இது இருக்கு. பக்கத்துலயே இன்னொண்ணும் இருக்கு: சில்லு பெயர்ந்து துருப்பிடிச்ச எனாமல் பாத்திரமும் கூடாது.

25/
சரி டாக்டர், இப்ப என்ன செய்யணும்னு கேக்குறீங்க. ஒவ்வொண்ணா சொல்றேன்.

பித்தளை, தாமிரச் சமையல் பாத்திரம்: உள்ளே வெள்ளீயப் பூச்சு முழுசா இருந்தா சமைக்கலாம். மஞ்சளோ சிவப்போ எட்டிப் பாக்குற அன்னைக்கே நிறுத்திட்டு மறுபடி பூசுங்க. கம்பிநார் போட்டு உள்பக்கம் தேய்க்காதீங்க. காலியா அடுப்புல வைக்காதீங்க, பூச்சு உருகிடும். பூசுறவர்கிட்ட காரீயம் கலக்காத சுத்த வெள்ளீயமான்னு கேட்டு, நம்பிக்கையான ஆளா பார்த்துக் கொடுங்க.

26/
ஈயச்சொம்பு: முதல்ல ரசம் ஊத்தணும், அப்புறம்தான் அடுப்பு. வெறும் சொம்பைத் தீயில வச்சா கண்ணெதிர்ல உருகி ஓடும். பல வீட்டுல நடந்த விபத்து இது.

வாங்குறப்போ வெள்ளைத்தாள்ல தேச்சுப் பாருங்க. பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தா காரீயம்னு சந்தேகப்படுங்க. அளவுக்கு மீறிக் கனத்தாலும் சந்தேகம்தான். காரீயம் வெள்ளீயத்தை விட ஒன்றரை மடங்கு கனம். ஆனா கோடு விழலைன்னா சுத்தம்னு அர்த்தமில்லை. உறுதியா தெரியணும்னா ஆய்வகச் சோதனைதான்.

27/
தாமிரச் சொம்பு, தாமிர பாட்டில்: வெறும் தண்ணிக்குப் பயமில்லை. 2012-ல் வெளிவந்த பெங்களூரு ஆய்வுல, கிருமி கலந்த தண்ணியைத் தாமிரப் பானையில் 16 மணி நேரம் வச்சப்போ கிருமிகள் அழிஞ்சது. தண்ணில கரைஞ்ச தாமிரமும் உலக சுகாதார நிறுவன வரம்புக்குள்ளதான் இருந்தது.

ஆனா அதே பாட்டில்ல எலுமிச்சைச் சாறு, மோர், ஜூஸ் ஊத்திக்கிட்டு ஆபீஸ் போறவங்க இருக்காங்க. ஊத்தக் கூடாது. வில்சன் நோய் உள்ளவங்க தாமிரப் பாத்திரத்துப் பக்கமே போகாதீங்க.

28/
வெண்கலப் பானை: இது பித்தளை இல்லை. தாமிரத்தோட வெள்ளீயம் சேர்த்து வார்த்தது. சோறு, பொங்கல் வைக்கத்தான் நம்ம ஆட்கள் வச்சிருந்தாங்க. புளிப்பை அதுல வைக்காதீங்க, சமைச்சதை ராத்திரி முழுக்க அதுலயே விட்டும் வைக்காதீங்க.

எனாமல் தூக்கு: எனாமல்ங்கிறது இரும்பு மேல உருக்கி ஒட்டின கண்ணாடி. முழுசா இருக்கிற வரைக்கும் புளிப்புக்கு அசையாது. சில்லு பெயர்ந்தா அலமாரிக்கு அனுப்பிடுங்க. பழைய சிவப்பு, மஞ்சள் நிற எனாமல்ல காட்மியம், காரீயம் கலந்த சாயங்கள் இருக்கலாம். அதுல சாப்பிடாம அழகுக்கு வைக்கிறதே நல்லது.

29/
இண்டாலியம், பேர் தெரியாத அலுமினியச் சட்டி: பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்த சட்டியில் காரீயம் இருக்க வாய்ப்பு உண்டு. இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்கலாம்னு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்ட்டில் எச்சரிச்சது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததை வாங்காதீங்க.

30/
கடைசியா, எல்லாத்தையும் விட முக்கியமானது.

ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும். ஒரு வயசு வரைக்கும் பசும்பாலைப் பிரதான உணவாக்காதீங்க. குழந்தைக்குப் பால், கஞ்சி, கூழ் எது காய்ச்சினாலும் எவர்சில்வர்ல காய்ச்சுங்க. ஈயம் பூசியிருந்தாலும் குழந்தைக்குப் பித்தளை வேணாம். பூச்சு எப்ப தேயும்னு தினமும் பார்த்துக்கிட்டே இருக்க நம்மால முடியாது.

31/
அந்தத் தம்பதி? சட்டி வாங்கி மூணு வாரம்தான் ஆகியிருந்தது. குழந்தையோட வயித்தைத் தொட்டுப் பார்த்தேன், ஈரல் வீக்கம் இல்லை. மனசு ஆறுதலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் செஞ்சோம், எல்லாம் சரியா இருந்தது. குழந்தையோட பாட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாங்க. நான் பேசி முடிச்சதும் மகன்கிட்ட மெதுவா சொன்னாங்க: "நான் அன்னைக்கே கேட்டேன்ல, கலாய் பூசாம எப்படிப்பான்னு. நீதான் உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டே."

32/
அந்தச் சட்டியில இப்ப அவங்க வீட்டு வாசல்ல பூ மிதக்குதாம். படம் அனுப்பியிருந்தார். அழகா இருக்கு.

உங்க வீட்டுல ஒரு பாட்டி இருந்தா, பழைய பாத்திரத்தை அடுப்புல ஏத்துறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இந்த த்ரெட்டை அனுப்பி வைங்க.